வளைவில் மட்டும் பெரிதாகும் ஸ்டீயரிங்

பெரியப்பா பட்டறைக்குள் வந்து, தன் காரின் ஸ்டீயரிங் பெரிதாகிவிட்டது என்றார்.

அப்பா மறுக்கவில்லை. கையிலிருந்த அரத்தை மேசைமேல் வைத்தார். "பழைய சாமானில்லையாண்ணே. வெயில்ல கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும்."

"அதான் பாத்தேன். வாங்கினப்ப இப்படி இல்ல."

"இருந்திருக்காது."

"மழை வந்தா சுருங்கும்னு விட்டுப் பாத்தேன். சுருங்கல."

"சிலது சுருங்காதுண்ணே."

நான் தையல் மேசையில் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல அது. நூலைக் கீழே வைத்துவிட்டேன்.

வயிறு என்ற சொல் எங்கள் குடும்பத்தில் பெரியப்பா இருக்கும்போது புழங்குவதில்லை. வயிற்றுவலி வந்தால்கூட அவர் எதிரில் "உள்ளே ஏதோ பண்ணுது" என்றுதான் சொல்வோம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவரால்தான் தெளிவாகப் பார்க்கிறார்கள். அவருக்கு மட்டும் குனிந்தால் தன் செருப்பு தெரிவதில்லை. அதற்கும் செருப்பைத்தான் குறை சொல்வார்.

அப்பாவுக்கு அவர் அண்ணன் மட்டும் அல்ல. படிக்க வைத்தது, தொழிலில் சேர்த்துவிட்டது, முதல் டிரில் மெஷின் வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அண்ணன் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அது பல் டாக்டரின் நாற்காலி. அதிலும் எழுந்திருக்கத்தான் பார்த்தார், டாக்டர் விடவில்லை.

எங்கள் பட்டறையில் பழைய வண்டிகளுக்கு ஸ்டீயரிங் செய்கிறோம். வெடித்துப்போனது, வளைந்துபோனது, கடையில் இனிக் கிடைக்காதது எல்லாம் இங்கே வரும். அலுமினியத் தகட்டை வெட்டி, வட்டத்தைத் தாங்கும் கைகளும் நடுவும் எடுப்பது, மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி வளைத்து வட்டமாக்குவது அப்பாவின் வேலை. அதன்மேல் தோல் போர்த்தித் தைப்பது என் வேலை. படிப்பை நிறுத்தியதிலிருந்து இதுதான். தோல் கேள்வி கேட்காது, எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரில் செய்து முடித்ததும் முடிக்காததுமாக வட்டங்கள் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் சிலர் சல்லடை என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்குப் பின்னாலேயே பெரியம்மாவும் வந்தார். பள்ளியிலிருந்து நேராக வந்திருக்கிறார். கழுத்தில் விசில் தொங்கியது. பெரியம்மா விளையாட்டு டீச்சர். குண்டு எறிதலில் அவர் இளம் வயதில் வாங்கிய கோப்பைகளில்தான் அவர்கள் வீட்டில் பேனா, சீப்பு, டார்ச் லைட் எல்லாம் நிற்கும்.

"என்னங்க, சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். ஸ்டீயரிங் விரிஞ்சிருக்காம்."

"யாரு சொன்னா?"

"தம்பிதான் சொல்றான்."

பெரியம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அரத்தை எடுத்து, ஏற்கெனவே ராவி முடித்த ஒரு துண்டை மறுபடி ராவ ஆரம்பித்தார்.

"எது விரிஞ்சதோ விரிஞ்சுட்டுப் போகட்டும்," என்றார் பெரியம்மா. "ஹாரன் தானா அடிக்குதே, அதுக்கு என்ன வழி?"

அது உண்மை. அந்தக் காரின் ஹாரன் ஸ்டீயரிங் நடுவில் இருக்கிறது. பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தால் அடிக்கும். தும்மினால் நீளமாக அடிக்கும். ஒரு முறை சாவு ஊர்வலம் ஒன்றின் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு விக்கல் எடுத்தது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் அவர் கடையில் கண்ணாடி வாங்குவதில்லை.

சீட்டைப் பின்னுக்குத் தள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். முன்பக்கம் முழுவதும் ஒரே நீள சீட்டு. தள்ளினால் பெரியப்பாவின் கால் பிரேக்குக்கு எட்டாது. தள்ளிப் பார்த்த அன்று பால்காரரின் சைக்கிள் போயிற்று.

"பொண்ணு ஆஸ்பத்திரிலேருந்து பச்சக் குழந்தையோட வரப்போறா," என்றார் பெரியம்மா. "வழி பூரா இந்த வண்டி கத்திக்கிட்டே வந்தா நான் ஏத்த விடமாட்டேன். மாப்பிள்ளை வண்டி இருக்கு, சத்தமில்லாம போகும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"என் பேரப்பிள்ளை என் வண்டியிலதான் வீட்டுக்கு வரும்."

"ஸ்டீயரிங் சரியாச்சுன்னா வரட்டும்."

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா தம்பி? உன் கையிலதான் இருக்கு." அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்பா அரத்தை வைத்துவிட்டார்.

பெரியப்பாவின் ஒரே மகளான அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

எங்கள் பட்டறையில் அளவெடுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் அட்டையில் ஸ்டீயரிங் வெட்டி வண்டியில் பொருத்துவோம். வாடிக்கையாளர் உட்கார்ந்து அதை இந்தக் கடைசி வரை, அந்தக் கடைசி வரை திருப்பிக் காட்ட வேண்டும். முட்டி இடிக்கிறதா, முழங்கை கதவில் படுகிறதா என்று அப்பா ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்ப்பார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் "இடிக்குது சார், நல்லா உள்ள இழுத்துக்குங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வார்?

பெரியப்பா உட்கார்ந்தார். அப்பா என்னைப் பார்த்தார். "நீ எடும்மா" என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, காரின் பின்பக்கம் போய் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். நான் டேப்பின் ஒரு முனையை ஸ்டீயரிங் நடுவில் வைத்தேன். இன்னொரு முனையைப் பெரியப்பாவின் சட்டையை நோக்கிக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பொத்தான் இல்லை. அவருடைய எல்லாச் சட்டையிலும் அதே இடத்துப் பொத்தான் ஸ்டீயரிங்கில் உரசி அறுந்துபோயிருக்கும்.

டேப் கிட்டே வந்ததும் பெரியப்பா மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்தது. கண் நேராகச் சாலையைப் பார்த்தது.

"சீக்கிரம், ஊசி" என்றார், உதட்டை அசைக்காமல். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அளவைச் சொன்னேன். "ஒரு சுத்து திருப்பிப் பாத்துரலாமா" என்று அப்பா பின்னாலிருந்து கேட்டார். ஆனால் டயரிடம் கேட்பதுபோல் கேட்டார். டயர் பதில் சொல்லவில்லை. பெரியப்பா இறங்கிப் போய்விட்டார்.

அப்பா கண்டுபிடித்த வழி இது: வட்டத்தின் அடிப்பகுதியை மட்டும் வெட்டி நேராக்கிவிடுவது. மேலே வட்டம், கீழே கோடு. பெரியப்பாவுக்கு இடமும் கிடைக்கும், ஸ்டீயரிங்கின் அகலமும் குறையாது. மூச்சு விஷயத்தை நான் சொன்னதும், கோட்டை இன்னும் இரண்டு விரல் உள்ளே தள்ளினார். ஹாரன் பொத்தானை நடுவிலிருந்து எடுத்து, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் மீட்டர் பலகையில் வைத்தார்.

பழைய ஸ்டீயரிங்கிலிருந்து பல் வெட்டிய நடுத்துண்டை அறுத்தெடுத்தார். அது மட்டும் பழையதாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் காரின் ஸ்டீயரிங் கம்பியில் உட்காராது. புதிய தகட்டை அதில் போல்ட் போட்டு இறுக்கினார். மரப்பட்டைகளைப் பசை தடவி வளைத்து, சுற்றிலும் இறுக்கி, காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். நான் கருப்புத் தோலை ஈரப்படுத்தி இழுத்துப் போர்த்தி, உள்விளிம்பில் மெழுகு நூலால் தைத்தேன். வட்டம் கோடாக மாறுகிற அந்த இரண்டு மூலைகளில் தோல் சுருங்காமல் தைப்பதற்கு என் விரல்நகம் ஒன்று போயிற்று. பார்க்க மிக அழகாக இருந்தது. அப்பா அதைச் சுவரில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் சல்லடை என்று சொல்லியிருக்க முடியாது.

பெரியப்பா ஏறி உட்கார்ந்தார். இரண்டு விரல் இடம் இருந்தது. சிரித்துப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை.

"தம்பி, நீ தொழில்காரன்டா!"

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே."

பட்டறை இருப்பது நேரான சாலையில். பெரியப்பா போனார். தபாலாபீஸ் முனையில் வலப்பக்கம் திரும்பி, சந்தை வழியாகச் சுற்றி வரவேண்டும். நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கார் தபாலாபீஸ் முனையில் வேகத்தைக் குறைத்தது. வலப்பக்க விளக்கு மினுக்கியது. பிறகு நேராகவே போயிற்று.

"சந்தைல கூட்டம்னு அடுத்த திருப்பத்துல திரும்பப் போறாரு," என்றார் அப்பா.

அடுத்த திருப்பத்திலும் விளக்கு மினுக்கியது. கார் நேராகப் போய், சிறியதாகி, மறைந்துவிட்டது.

நாங்கள் ஆளுக்கொரு டீ குடித்து முடித்த பிறகு போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நான் ரோடு முடியற இடத்துல இருக்கேன்."

"எந்த ரோடுண்ணே?"

"நம்ம ரோடுதான். இதுக்கு மேல தண்ணி."

"சரிண்ணே, திரும்பி வந்துருங்க."

 பின்னணியில் படகு ஏதோ ஒன்றின் இயந்திரம் கேட்டது.

"அங்கதான் பேச்சே," என்றார் பெரியப்பா.

ஸ்கூட்டரில் போனோம். நான் ஓட்டினேன், அப்பா பின்னால் உட்கார்ந்து வந்தார். படகுத்துறையில் கார் தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தது. பெரியப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து பேர் நின்று, படகில் ஏற்றுவதற்காகத்தான் கார் வந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரா போகும்போது அருமையா இருக்கு," என்றார் பெரியப்பா. "திரும்பும்போது மட்டும் பெருசாயிடுது."

அப்பாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது; முகத்தில் தெரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கோடும் கூடவே சுற்றி மேலே போகும். வட்டம் கீழே வரும். வந்து இடிக்கும். எந்த வாடிக்கையாளருக்கும் அட்டையிலேயே தெரிந்திருக்கக்கூடிய விஷயம். அண்ணனைத் திருப்பச் சொல்லாததால் தெரியவில்லை.

"என் தப்புண்ணே."

"உன் தப்பு என்னடா. ரோட்டை நேரா போட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

அப்பா காரை ஓட்டி வந்தார். பெரியப்பா அதில் ஏறவில்லை. "நான் ஊசியோட வரேன்" என்று ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தார். முன் சக்கரம் தரையோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. நடந்து போகிறவர்களின் வேகத்தில் ஓட்டினேன்.

பாதி வழியில் பெரியப்பா, "ஊசி, உங்க அக்கா பொறந்தப்ப என்கிட்ட என்ன வண்டி இருந்துச்சு தெரியுமா?" என்றார்.

"தெரியாது பெரியப்பா."

"சைக்கிள்."

நான் ஒரு குழியைச் சுற்றி ஓட்டினேன்.

"உங்க பெரியம்மாவோட அண்ணன் கார் கொண்டு வந்தான் ஆஸ்பத்திரிக்கு. முன்னாடி அவன் பொண்டாட்டி, மடியில குழந்தை. பின்னாடி உங்க பெரியம்மா, அவங்க அம்மா, பை, பக்கெட்டு. எனக்கு இடமில்ல. ஃப்ளாஸ்க்குக்கு இடம் இருந்துச்சு."

"நீங்க எப்படி வந்தீங்க?"

"சைக்கிள்ல பின்னாடியே வந்தேன். சிக்னல்ல விட்டுட்டேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எல்லாரும் குழந்தையப் பாத்து முடிச்சு, அது தூங்கிடுச்சு. எழுப்பாதீங்கன்னு சொன்னாங்க." பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மறு வருஷம் இந்தக் கார் வாங்கினேன். அதுல வர்றதுக்குத்தான் அப்புறம் குழந்தையே பொறக்கல."

அதன்பிறகு சாலையில் ஒரு மேடு வந்தது. இருவரும் மேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

இரண்டாவது ஸ்டீயரிங் முழு வட்டம். ஆனால் சிறியது; சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அப்பாவுக்கு அதில் ஒரு கவலை இருந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனில் சொன்னார்.

"அண்ணே, சின்ன ஸ்டீயரிங்னா திருப்ப பலம் வேணும். வண்டி ஓடும்போது தெரியாது. நின்ன இடத்துல திருப்பினா கல்லு மாதிரி இருக்கும்."

"எனக்கு பலம் இல்லேங்கறியா?"

"சேச்சே. அப்படியெல்லாம் இல்லண்ணே."

"அப்புறம் என்ன? செய்."

கைப்பிடி எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பார்க்க அவரை வரச் சொன்னோம். கடையில் கூட்டம் என்றார். படகுத்துறைக்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கம் வருவதைத் தவிர்த்தார். நாலு மணிக்குப் பெரியம்மாதான் வந்தார். மேசையில் கிடந்த மரவட்டத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, இடமும் வலமும் திருப்புவதுபோல் ஆட்டிப் பார்த்தார்.

"ஒல்லியா இருக்குடி. விரல் வந்து உள்ளங்கையில குத்துது. கொஞ்சம் தடியா இருந்தாத்தான் புடிச்சு இழுக்க முடியும்."

தோலுக்கு அடியில் வைக்கிற பஞ்சு நாடாவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன்.

"இன்னும்."

இன்னொரு சுற்று. பிடித்துப் பார்த்து, "இது" என்றார். "கட்டைவிரல் இருக்கற எடத்துல தையல் வராம பாத்துக்கோ." பிறகு விசிலைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுப்பது பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். கேட்கவில்லை. அவர் சொன்னபடி தைத்தேன். கை யாருடையது என்று அப்பாவும் கேட்கவில்லை.

அந்த ஸ்டீயரிங்கைப் பொருத்திய மறுநாள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் பெரியப்பா எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரியம்மா முன்னால், நானும் அப்பாவும் பின்னால். தபாலாபீஸ் முனையில் கார் திரும்பியது. அப்பா அதுவரை பிடித்திருந்த கைப்பிடியை விட்டார். பெரியப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் புதிதாகத் தைத்த பொத்தான் அறுபடாமல் இருந்தது. "பாத்தியா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டார். ஹாரனும் அடிக்கவில்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரி வாசலில் இடம் குறைவு. சுவரை ஒட்டி நிறுத்தினார். நாங்கள் குழந்தையோடு வெளியே வந்தபோது காருக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றிருந்தது, பின்னால் ஆம்புலன்ஸ். அக்காவைப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். பெரியம்மா குழந்தையை வைத்துக்கொண்டு நிழலில் நின்றார். பெரியப்பா ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கப் பார்த்தார்.

அசையவில்லை.

மூச்சைப் பிடித்து மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு தெரிந்தது. ஸ்டீயரிங் கால் சுற்று வந்து, நின்று, அவர் கையை விட்டதும் பழைய இடத்துக்கே போயிற்று. ஆம்புலன்ஸ்காரர் ஹாரன் அடித்தார். காவலாளி வந்து, "சார், ஒடிங்க சார், நல்லா ஒடிங்க" என்று காற்றில் ஒடித்துக் காட்டினார். அப்பா ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

கேட்டுக்கு வெளியே மாப்பிள்ளையின் புதுக் கார் சத்தமில்லாமல் நின்றிருந்தது. மாப்பிள்ளை இறங்கி வந்தார். மிகவும் மரியாதையானவர். "மாமா, வேணும்னா நம்ம வண்டியில..." என்று ஆரம்பித்து, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்தி" என்று முடித்தார்.

பெரியம்மா குழந்தையை என் கையில் கொடுத்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க."

"என்ன?"

"ஆம்புலன்ஸ் நிக்குது. இறங்குங்க."

"உனக்கு என்ன தெரியும் ஓட்ட?"

"ஸ்கூல் வேன் டிரைவருக்குப் பாதி நாள் முதுகுவலி. புள்ளைங்கள மேட்சுக்கு யாரு கூட்டிட்டுப் போறான்னு நெனச்சீங்க?"

"டிரைவர்."

"டிரைவர் பின் சீட்டுல படுத்திருப்பாரு."

"லைசென்ஸ்?"

"நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

பெரியப்பா இறங்கினார். பெரியம்மா ஏறி, சீட்டின் முனைக்கு நகர்ந்து, புதுத் தோலின்மேல் இரண்டு கையையும் வைத்தார். கட்டைவிரல் இருந்த இடத்தில் தையல் இல்லை. தோள் ஒரு முறை அசைந்தது. ஸ்டீயரிங் கடைசி வரை திரும்பிற்று. கார் பின்னால் வந்து, முன்னால் போய், வெளியே நின்றது. ஆம்புலன்ஸ்காரர் கையைத் தூக்கி நன்றி சொன்னார்.

அக்கா பின் சீட்டில் ஒரு ஓரத்தில். பக்கத்தில் பை, போர்வை, ஃப்ளாஸ்க். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். பெரியப்பா சுவரோரமாக நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க போங்க. நான் மாப்பிள்ளையோட பின்னாடி வரேன்" என்றார்.

நான் வெளியாட்கள் எதிரில் வாய் திறப்பதில்லை. அங்கே காவலாளி, நர்ஸ், மாப்பிள்ளை, வேன்காரர் எல்லோரும் இருந்தார்கள். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பையை எடுத்தேன், போர்வையை எடுத்தேன், ஃப்ளாஸ்க்கை எடுத்தேன். எல்லாவற்றையும் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

"பெரியப்பா," என்றேன். "பின்னாடி இடம் இருக்கு."

அவர் சீட்டைப் பார்த்தார். ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். நான் குழந்தையை நீட்டினேன். அவருக்கு மடி என்று தனியாக எதுவும் இல்லை. அது எப்போதோ போய்விட்டது. குழந்தையை வாங்கி மேலேயே சாய்த்துப் படுக்க வைத்துக்கொண்டார். அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. குழந்தை ஒரு முறை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கிவிட்டது.

நான் மாப்பிள்ளையின் காரில் ஃப்ளாஸ்க்கோடு பின்னால் வந்தேன். முன்னால் போன கார் எல்லாத் திருப்பத்திலும் திரும்பியது. ஒரு சிக்னலில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் வாசலில் நின்றிருந்தது. யாரும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வந்து சுற்றி நின்றார்கள். பெரியம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா திரும்பி, "அண்ணே, வீடு வந்துருச்சு" என்றார்.

பெரியப்பா தூங்கும் குழந்தையை மேலே சாய்த்தபடியே இருந்தார். முகம் சிவந்து, கண் நேராக எதிரே பார்த்தபடி, மூச்சை இழுத்து நிறுத்தியிருந்தார், அளவெடுத்த அன்று போலவே.

"எழுப்பாதீங்க," என்றார், உதட்டை அசைக்காமல்.